கீழ் லயத்து எட்டுக் கதவு

பசறை டவுனில் ஒரே ஒரு பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற காலம் உங்களில் யாருக்கும் ஞாபகம் இருக்காது. கோதுமை மாவு வராமல் போய், தோட்டத்துச் சனம் மரவள்ளிக்கிழங்கையும் பலாக்கொட்டையையும் அவித்துத் தின்ற வருஷம் அது. கடைக்கார நாநா கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, "ஒரு குடும்பத்துக்கு ஒண்டுதான், ரெண்டு கேக்க வேணாம்" என்று சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டிப் போனார். அந்த வருஷம் முடிந்து, தோட்டங்களை அரசாங்கம் எடுப்பதற்கு முன்னால் ஒரு மாரி மழை பெய்தது. நான் சொல்லப் போவது அந்த மழையில் நடந்தது. வருஷத்தை நம்பரில் கேட்டால் எனக்குச் சொல்ல வராது. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு வருஷமெல்லாம் இப்படித்தான், ஏதாவது ஒன்றில் தொங்கிக்கொண்டு கிடக்கும்.

நீங்கள் எல்லாரும் உங்கள் தோட்டங்களில் புதிதாகச் சங்கத் தலைவர், தலைவி என்று வந்திருக்கிறீர்கள். சட்டம் சொல்லிக் கொடுக்க, மனு எழுதச் சொல்லிக் கொடுக்க சங்கத்தில் படித்த ஆட்கள் இருக்கிறார்கள். என்னிடம் நீங்கள் கேட்டது, சனத்திடம் எப்படிப் பேசுவது என்று. எனக்கு இப்போது மூச்சு வாங்குகிறது, அதனால் நிறுத்தி நிறுத்தித்தான் சொல்வேன். நான் சொல்லச் சொல்ல ஆபீசில் இருக்கிற தங்கச்சி எழுதுகிறது. என் கொச்சையை அது திருத்திக்கொள்ளட்டும். சனம் பேசினதை மட்டும் பேசின மாதிரியே விடச் சொல்லியிருக்கிறேன்.

நான் கவ்வாத்துக்காரன். தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டி மட்டப்படுத்துகிற வேலை. வாயில் வெற்றிலை, கையில் கத்தி. அந்த வேலையில் பேச்சுக்கு இடமே கிடையாது. எனக்கு முன்னால் தலைவராக இருந்தவருக்கு, இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தத்தில், இந்தியாவுக்குப் போகப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. குடும்பத்தோடு அவரைத் தெமோதரை ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட்டு, எல்லாரும் அழுதுகொண்டே நடந்து வந்தோம். அடுத்த தலைவர் யார் என்று அந்த வழியிலேயே பேச்சு வந்தது. நான் ஒருத்தன்தான் அழாமல் வந்தேன், மன உறுதியான ஆள் என்று என்னைப் போட்டார்கள். அன்றைக்கு எனக்குக் கடைவாய்ப் பல் வலி. அழுவதற்குக்கூட வாயைத் திறக்க முடியவில்லை. இது என் சம்சாரத்துக்கு மட்டும்தான் தெரியும்.

தலைவர் ஆனதும் பயம் பிடித்தது. அப்போது பதுளையில் எங்கள் சங்கத்துப் பிரதிநிதி ஒருவர் இருந்தார். நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். ஞாயிற்றுக்கிழமையில் வந்து மாரியம்மன் கோயில் முன்னால் ஒலிபெருக்கியில் பேசுவார். மெல்ல ஆரம்பித்து, ஏறி ஏறி, கடைசியில் அவர் கையை உயர்த்தும்போது எங்களுக்கு ரோமம் சிலிர்க்கும். எனக்கு எழுத்துத்தான் வராது, காதில் விழுந்தது அப்படியே நிற்கும். அவர் பேச்சை முழுசாக மனப்பாடம் பண்ணினேன். அவர் எங்கே மூச்சு விடுவாரோ அங்கே நானும் மூச்சு விடுவேன். கவ்வாத்து மலையில் செடிகளுக்கு முன்னால் நின்று பேசிப் பார்ப்பேன். வீட்டிலும் அந்தக் குரல் வந்துவிடும். சம்சாரம் சிரிக்கும்: "ஏங்க, ரொட்டிக்குச் சம்பல் கேக்கறதுக்கும் மைக்கு வேணுமா?"

ஒரு தடவை மேல் லயத்து வீட்டு வரிசையில் தண்ணீர் வரவில்லை என்று, தோட்டத்தை நடத்துகிற துரையைப் பார்க்க ஆபீசுக்குப் போனேன். எங்கள் பெரிய துரை தோட்டத்திலேயே வளர்ந்தவர், எங்கள் தமிழ் நன்றாகப் பேசுவார். நான் அவர் மேசைக்கு முன்னால் நின்று, "எத்தனை காலம்தான் இந்தக் கொடுமையைப் பொறுத்திருப்போம்" என்று ஐயா குரலில் எடுத்தேன். துரை பேனாவைக் கீழே வைத்தார்.

"தலைவர், ஒனக்கு ஒடம்பு சொகமில்லையா?"

"இல்லீங்க தொரை."

"அப்ப ஏன் கத்துற? நான் பக்கத்துலதானே இருக்கேன். பைப்பு ஒடஞ்சிருக்கா, அடைச்சிருக்கா?"

எனக்குத் தெரியவில்லை. பேச்சைத் தயார் பண்ணினேனே தவிர, பைப்பைப் போய்ப் பார்க்கவில்லை. கிளாக்கர் பேரேட்டுக்குப் பின்னால் முகத்தை மறைத்துச் சிரித்தார். அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் வெளியே ஜன்னலுக்குக் கீழே நின்ற சனம் என் சத்தத்தைக் கேட்டுக் கை தட்டியது. கை தட்டுச் சத்தம் கள்ளை விட மோசம் தம்பிமாரே. அதைக் கேட்டவனுக்கு வேறு ஒன்றும் காதில் ஏறாது.

இனிக் கீழ் லயத்துக்கு வருகிறேன். ஏழாம் நம்பர் மலைக்கு அடியில், ஓடைக்குப் பக்கத்தில் ஒற்றை அறையாக எட்டுக் காம்பரா உள்ள ஒரு பழைய லயம். எட்டுக் குடும்பம். துரைக்கு அந்த லயத்தை இடித்துவிட்டு அங்கே தேயிலைக் கன்று வளர்க்க வேண்டும். "எறங்குங்க, பொறகு வேற காம்பரா தர்றேன்" என்றார். அந்தப் 'பொறகு' எங்களுக்குத் தெரியும். பக்கத்துத் தோட்டத்தில் அப்படி இறங்கிய மூன்று குடும்பத்துக்கு மறுநாளே கூரைத் தகரத்தைக் கழற்றிவிட்டார்கள். அவர்கள் மாட்டுக் கொட்டகையில் கிடந்தார்கள், அந்தப் 'பொறகு' வரவே இல்லை. அதனால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கல்யாணம், சாவு எதுவானாலும் ஒரு காம்பரா ஆட்கள் எல்லாரும் ஒன்றாக வெளியே போக மாட்டார்கள். ஒருத்தர் இருந்து அடுப்பை எரிய விட வேண்டும், கூரையில் புகை தெரிய வேண்டும். புகை இல்லாத காம்பரா ஆள் இல்லாத காம்பரா என்று எழுதிவிடுவார்கள்.

நான் கோயில் முன்னால் கூட்டம் போட்டேன். "உயிரே போனாலும் கதவை விட்டு ஓரடி நகர மாட்டோம்! எங்கள் பிணத்தின் மேல்தான் இந்த லயத்தை இடிக்க முடியும்!" என்றேன். ஒவ்வொரு சொல்லும் ஐயாவுடையது. கீழ் லயத்து ராமையா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டான். அந்த லயத்துக் கடைசிக் காம்பராவில் இருந்த அங்கம்மா, கொழுந்து எடுக்கிற பொம்பளை, புருஷன் இல்லை, மூன்று பிள்ளைகள். அது கூட்டம் முடிந்ததும் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னது:

"தலைவரே, பேச்சு நல்லாத்தான் இருந்துச்சு. தொண்டைய யாருகிட்ட எரவல் வாங்குனீங்க?"

சனம் சிரித்தது. எனக்கு இரண்டு நாள் அதன் முகத்தில் முழிக்கப் பிடிக்கவில்லை.

அப்புறம் அந்த மாரி. பதினோரு நாள் விடாத மழை. வெட்டுகிற வேலை கிடையாது என்று காலைப் பெரட்டில், பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடத்தில், என்னையும் இன்னொருத்தனையும் கான் வெட்ட அனுப்பினார்கள். மழைத் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலைத்தான் நாங்கள் கான் என்போம். ஏழாம் நம்பர் மலை உச்சிக்குக் கொஞ்சம் கீழே, கீழ் லயத்துக்கு நேர் மேலே, ஒரு பெரிய கான். மத்தியானம் இரண்டு மணி இருக்கும். மேலே இருந்து தண்ணீர் நிறைய வந்துகொண்டிருந்தது. பாதி வழியில் அது காணாமல் போனது. நான் மண்வெட்டியால் இலையைத் தள்ளிப் பார்த்தேன். மண் பிளந்திருந்தது. செடி வரிசைகளுக்குக் குறுக்கே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரு வெடிப்பு. குப்புறப் படுத்துக் கையை விட்டேன். முழங்கை வரைக்கும் போனது, அடி தட்டவில்லை. உள்ளே இருந்து குளிர் காற்று வந்து முகத்தில் பட்டது. ரொம்பக் கீழே தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது.

கூட வந்தவன், "வாங்க தலைவரே, ஆபீசுல போயி சொல்லுவோம்" என்றான். மேலே போனால் ஆபீஸ், கீழே போனால் லயம். ஆபீசில் சொன்னால் துரை உடனே லயத்தைக் காலி பண்ணச் சொல்வார். துரை சொன்னால் சனம் ஒருத்தர்கூட இறங்க மாட்டார்கள், சாகிறதானாலும் இறங்க மாட்டார்கள். அப்படிச் செய்யச் சொல்லிக் கொடுத்தது நான்தான். துரை சொல்வதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும் என்று, அவனை ஆபீசுக்கு அனுப்பிவிட்டு நான் கீழே ஓடினேன்.

மழைக்குக் கொழுந்து எடுப்பதை நிறுத்தியிருந்ததால் எல்லாரும் காம்பராவில் இருந்தார்கள். நான் லயத்துக்கு முன்னால் நின்று வாயைத் திறந்தேன். என்ன வந்தது தெரியுமா? "தொழிலாளத் தோழர்களே! பேராபத்து நம்மைச் சூழ்ந்து நிற்கிறது!" என்று வந்தது. உயிர் போகிற அவசரத்திலும் அந்த எரவல் குரல்தான் வந்தது. நாலு வருஷமாக அதைத்தானே பழக்கியிருந்தேன்.

கதவுகள் திறந்தன. ராமையா கையில் தேத்தண்ணீர்க் கோப்பையோடு வாசலில் நின்று, "வாழ்க!" என்றான். இரண்டு பேர் கை தட்டினார்கள். மழையில் எனக்குப் பொழுது போகவில்லை, பேச்சுப் பழக வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். நான் இன்னும் சத்தம் போட்டு, "உடனே வெளியேறுங்கள்" என்றேன். அதோடு சிரிப்பு நின்றது.

"வெளியேறவா?" என்றான் ராமையா. "யாரு சொன்னது, தொரையா?"

"நான் சொல்றேன்."

"காலையில தொரை பங்களாவுல தேத்தண்ணி குடிச்சீங்களோ?"

அங்கம்மா முன்னால் வந்தது. "உயிரு போனாலும் கதவ வுடாதீங்கன்னு சொன்னது யாரு? நீங்கதான? இப்ப நீங்களே வந்து எறங்குங்கிறீங்க. எந்தப் பேச்ச நாங்க கேக்கறது?"

மனப்பாடத்தில் அதற்குப் பதில் கிடையாது. அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். தலைவர் சேற்றில் உட்கார்ந்ததை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. அப்புறம் பேசினேன். அது என்ன குரலோ எனக்குத் தெரியாது. சம்சாரத்திடம் பல் வலிக்கிறது என்று சொல்வேனே, அந்தக் குரல்.

"அங்கம்மா, எனக்குப் பயமா இருக்கு. மலை வெடிச்சிருக்கு. கான் தண்ணி பூரா வெடிப்புக்குள்ள போவுது. கைய வுட்டுப் பாத்தேன். அன்னைக்குக் கோயில்ல பேசுனது என் பேச்சு இல்ல, ஐயா பேச்சு. நல்லாருந்துச்சுன்னு நானும் பேசிட்டேன். உயிரு போனாலும்னு சொன்னப்ப உயிரு போகும்னு நான் நெனைக்கவே இல்ல. அது என் தப்பு."

ராமையா கோப்பையைக் கீழே வைத்தான்.

"மலை விழுமா?" என்றான் ராமையா.

"தெரியாது."

"எறங்குனா காம்பரா திரும்பக் கெடைக்குமா?"

"அதுவும் தெரியாதுப்பா. கெடைக்காம போனாலும் போவும். நான் இந்த லயத்துல இருந்தா, இப்ப எம்புள்ளைங்களத் தூக்கிக்கிட்டு ஓடுவேன். அது ஒண்ணுதான் எனக்குத் தெரியும்."

அங்கம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டது. "கையி எம்புட்டுத் தூரம் போனிச்சு?"

நான் முழங்கையைக் காட்டினேன். மண் ஒட்டியிருந்தது. அது திரும்பிக் காம்பராவுக்குள் போனது. பானை சட்டியோடு வரும் என்று பார்த்தால், கதவைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது.

"என்னா பண்ற?"

"கதவத்தான கேப்பானுங்க? நம்பரு கதவுலதான் இருக்கு. கதவோட போறேன். நாளைக்கு எட்டாம் நம்பரு காம்பராவுல ஆளு இல்லன்னு எவன் எழுதுவான்?"

தோட்டத்துக் கதவு கனமில்லாத பலகைக் கதவு. தாரால் நம்பர் போட்டிருக்கும். ராமையா ஓடி வந்து கீலைக் கழற்றிக் கொடுத்தான். அப்புறம் தன் கதவையும் கழற்றினான். அவன் அப்பா சன்னாசிக் கிழவர் வாதம் வந்து படுத்த படுக்கை. அவரை அந்தக் கதவிலேயே கிடத்தி, கொழுந்து எடுக்கையில் இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கைப் போர்த்தி நாலு பேர் தூக்கினோம். ஒரு மணி நேரத்தில் எட்டுக் குடும்பமும் எட்டுக் கதவோடு மழையில், வெடிப்பு இல்லாத பக்கமாக மேடு ஏறி வந்தது. கிழவர் கதவில் படுத்துக்கொண்டே, "என்னடா, என்னையச் சாகறதுக்கு முன்னயே தூக்கிட்டீங்க, தப்புச் சத்தத்தக் காணோம்" என்றார். அந்த நிலைமையிலும் எங்களுக்குச் சிரிப்பு வந்தது.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தோம். அது ஒரே ஒரு நீள அறை.

நீங்கள் எல்லாரும் இப்போது மலை விழுந்ததைக் கேட்கக் காத்திருக்கிறீர்கள். அன்றைக்கு மலை விழவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் மழை விட்டது, நாலாம் நாள் பளிச்சென்று வெயில். பெரட்டில் என்னைப் பார்த்ததும் ராமையா, "தலைவரே, மலை எப்ப வருது? பசறை பஸ்ஸுல வருதா, நடந்தா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

அன்றைக்கு மத்தியானமே தோட்டத்துத் தச்சன்மார் போய்க் கீழ் லயத்துக் கூரைத் தகரத்தைக் கழற்ற ஆரம்பித்தார்கள். நான் ஆபீசுக்கு ஓடினேன். துரை ரொம்பப் பொறுமையாகப் பேசினார்.

"நீதானே ஆபத்துன்னு சொன்ன? நான் எறங்கச் சொல்லல. ஒன் வாயாலதான் எறங்குனாங்க. ஆபத்தான லயத்த வைக்க முடியுமா, தலைவர்?"

அவர் இரண்டு வருஷமாகக் கேட்டு வாங்க முடியாததை நான் ஒரு மணி நேரத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த நாள் பஸ் ஏறிப் பதுளைக்குப் போனேன். ஐயாவை ஒரு தடவை கொண்டுவந்து பேசவைத்தால் துரை பயந்துவிடுவார் என்று நினைப்பு. ஐயா சங்க ஆபீசில் பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டியிருந்தார். இருமல். மேடையில் பார்த்த ஆள் மாதிரியே இல்லை. எல்லாத்தையும் கேட்டுவிட்டு, அரசாங்கத் தொழில் கந்தோருக்குக் கடிதம் போடுகிறேன் என்றார். "கடிதம் இருக்கட்டுங்க ஐயா, நீங்க வந்து பேசணும், எனக்கு ஒங்கள மாதிரிப் பேச வராது" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் இருமினார். "நான் ஏன் கத்துறேன் தெரியுமா தலைவர்?" என்றார். "அங்க நிக்கிற ஒருத்தர் பேரும் எனக்குத் தெரியாது. பேரு தெரிஞ்ச ஆளுகிட்ட யாராச்சும் அப்படிப் பேசுவாங்களா? ஒங்களுக்கு எட்டு வீட்டு ஆளு பேரும் தெரியும். போயி அதச் சொல்லுங்க."

அப்போது எனக்கு அது பிடிக்கவில்லை. வர மனசில்லாமல் தட்டிக் கழிக்கிறார் என்று நினைத்தேன். பஸ்ஸில் வரும்போது, மெல்ல மெல்லத்தான் உள்ளே இறங்கியது.

மறுநாள் காலையில் ஆபீசுக்குப் போனேன், அங்கம்மாவையும் கூட்டிக்கொண்டு. சத்தம் போடவில்லை. ஒவ்வொரு காம்பராவாகச் சொன்னேன். "ஒண்ணாம் நம்பரு ராமையா, தொரை. அவங்கப்பா சன்னாசிய ஒங்களுக்குத் தெரியும். இந்த ஆபீசுக்கு மண்ணு சுமந்தவரு. இப்ப பள்ளிக்கூடத்துல சிமெண்டுத் தரையில கெடக்குறாரு." இப்படி எட்டு வரைக்கும். எந்த வீட்டில் யார் மாசமாக இருக்கிறார்கள், யார் பிள்ளைக்கு நெஞ்சில் சளி, யார் எத்தனை வருஷமாக எந்த மலையில் கொழுந்து எடுக்கிறார்கள் என்று. துரை இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை. முடிவில், "என் வாயாலதான் எறங்குனாங்க, ஆமாங்க. அதனால நான்தான் வந்து நிக்கணும். நாளைக்கும் வருவேன்" என்றேன்.

பெரிய வெற்றி ஒன்றும் கிடையாது. பழைய ஸ்டோரின் மாடியை, முன்னே கொழுந்து காயப்போட்ட இடத்தை, தங்குவதற்குக் கொடுத்தார். காம்பரா பிறகு என்றார்.

"பொறகுன்னு வாயால வேணாங்க தொரை," என்றது அங்கம்மா. "துண்டு எழுதிக் குடுங்க. எட்டுப் பேரு, எட்டு நம்பரு."

துரை அங்கம்மாவை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் கிளாக்கரைக் கூப்பிட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தத் துண்டைத்தான் அரசாங்கம் தோட்டத்தை எடுத்த பிறகு வந்த புதுத் துரையிடம் காட்டிக் காம்பரா வாங்கினோம். இரண்டாவது மழைக்காலமும் வந்துவிட்டது அதற்குள்.

நடுவில் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்யன். ஸ்டோர் மாடியில் நாலு பக்கமும் காற்று. கதவுகளைச் சாய்த்துத் தட்டி மாதிரி அடைத்துப் பார்த்தார்கள், போதவில்லை. தை மாசக் குளிரில் சன்னாசிக் கிழவர் போய்விட்டார். குளிரால்தான் என்று யாரும் சொல்ல முடியாது, வயசும் இருந்தது. ஆனால் ராமையா அன்றிலிருந்து என்னிடம் பேசவில்லை. அவன் இந்தியாவுக்குக் கப்பல் ஏறுகிற வரைக்கும் பேசவில்லை. கிண்டல்கூடப் பண்ணவில்லை. அந்த 'மலை பஸ்ஸுல வருதா'வை இன்னொரு தடவை கேட்க மாட்டானா என்று எனக்கு இருந்தது. கிழவர் தன் காம்பராவிலேயே இருந்திருந்தால் இன்னும் இரண்டு வருஷம் இருந்திருப்பாரோ? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் நான் கிழவனாகியிருக்கிறேன்.

அந்த வருஷத்துக் கூட்டத்தில் என்னைத் தலைவர் பதவியில் இருந்து எடுத்துவிட்டார்கள். கை தூக்குகிற ஓட்டு. யார் யார் தூக்கினார்கள் என்று தெரியும். அங்கம்மாவும் தூக்கியது. எனக்கு அது ரொம்பச் சுட்டது. திரும்பி வரும்போது வழியில் கேட்டேன்.

"ஏன் அங்கம்மா, நீயுமா?"

அது மறைக்கவில்லை. "ஆமாண்ணே. காம்பரா கேட்டு மாசக் கணக்கா ஆபீசுக்கு நடக்குறீங்க, ஒண்ணும் நடக்கல. அந்த வேலைக்கு அடிச்சுப் பேசற ஆளு வேணும். கோவிச்சுக்காதீங்க."

அதுவரைக்கும் தலைவரே என்று கூப்பிட்ட பொம்பளை, அன்றைக்குத்தான் முதல் தடவையாக அண்ணே என்றது.

புதுத் தலைவர் நல்ல பேச்சுக்காரர். அவர் காலத்தில்தான் காம்பரா கிடைத்தது, அந்தப் பெயர் அவருக்கே இருக்கட்டும். மேட்டுப் பக்கத்தில் ஒரு லயத்தில் எட்டுப் பேருக்கும் கொடுத்தார்கள். அந்த லயத்துக்குப் பின்னாலும் மலைதான். எங்கள் பக்கத்தில் மலைக்கு அடியில் இல்லாத லயம் எங்கே இருக்கிறது? அவர்கள் குடி போன மாசமே மழை பிடித்தது. ஆறாம் நாள், பொழுது சாய்கிற நேரம், அங்கம்மா மழைக்குத் தலையில் கொங்காணிச் சாக்கைப் போட்டுக்கொண்டு என் வாசலில் வந்து நின்றது.

"அண்ணே, எங்க லயத்துக்குப் பின்னால போயி ஒருக்கா பாத்துட்டு வாங்க."

"தலைவருகிட்டச் சொல்லலாமே."

"அவருகிட்டச் சொன்னா கூட்டம் போடுவாரு. எனக்குக் கூட்டம் வேணாம். புள்ளைங்களப் படுக்க வைக்கலாமா வேணாமான்னு தெரியணும்."

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். வெளிச்சம் இருக்கும்போதே ஏறி, கான் கானாகப் பார்த்தேன். தண்ணீர் போகிற வழியெல்லாம் நடந்தேன். சந்தேகமான இடத்தில் கொத்திப் பார்த்தேன். இறங்கி வரும்போது எட்டு வாசலிலும் ஆள் நின்றது. ராமையாவும் நின்றான், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

"இன்னைக்குப் படுக்கலாம்," என்றேன். "மண்ணு கெட்டியா இருக்கு. தண்ணி எங்கயும் நிக்கல. நாளைக்கு மழ வுடலன்னா திரும்பவும் பாக்கணும். அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கை தட்டவும் இல்லை. அங்கம்மா பிள்ளைகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தியது. ஒவ்வொரு கதவாகச் சாத்தினார்கள். கடைசியில் ராமையாவும் உள்ளே போய்ச் சாத்திக்கொண்டான். நான் கொஞ்ச நேரம் மழையில் அங்கேயே நின்றேன். நாலு வருஷம் தலைவராக இருந்தபோது எனக்குக் கிடைக்காதது அது.

அவ்வளவுதான் தங்கச்சிமாரே, தம்பிமாரே. களைத்துப் போனேன். ஏழாம் நம்பர் மலை இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறது. வெடிப்பு மண் மூடிப் போய், மேலே தேயிலை தழைத்து, இப்போதும் கொழுந்து எடுக்கிறார்கள். உங்களுக்குப் பிறகும் தலைவர்மார் வருவார்கள், அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சொல்லும்போது கதை நன்றாக இருக்கட்டும் என்று, கடைசியில் மலை விழுந்தது என்று சேர்த்துச் சொல்லிவிடாதீர்கள்.